பேனலோடு உதிரிபாகமும் போகட்டும்

ஆசிரியருக்கு,

நீடித்த வளர்ச்சிக்கான ஒத்துழைப்பு என்றதும் நாம் பெருமையாகச் சொல்வது, 2015இல் பாரிசில் பிரான்சுடன் சேர்ந்து அறிவித்த சர்வதேச சூரியசக்திக் கூட்டணியைத்தான். முன்னுரிமை சரி, பணம் போய்ச்சேரும் இடத்தில்தான் கோளாறு.

சூரியசக்திக் கருவிகள் போன்றவற்றுக்காக வளரும் நாடுகளுக்கு இந்திய அரசு எக்சிம் வங்கி (ஏற்றுமதி-இறக்குமதி வங்கி) வழியாகத் தரும் கடனுதவியில் பொதுவாக 75 சதவீதப் பொருளும் சேவையும் இந்தியாவிலிருந்தே வாங்கப்பட வேண்டும். ஆகவே, பழுதானால் உதிரிபாகத்துக்கும் இங்கேதான் கையேந்த வேண்டும். சூரியசக்திப் பேனல் 25 ஆண்டு உழைக்கும். முதலில் படுப்பவை பேட்டரியும், அதில் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரும். லெட்-ஆசிட் பேட்டரியின் சார்ஜை அடிக்கடி பாதி அளவுக்கும் கீழே இறக்கினாலோ, டிஸ்டில்டு வாட்டர் வற்றித் தகடு வெளியே தெரிந்தாலோ சல்பேட் படிந்து கொள்ளளவு போய்விடும். வெப்பநிலை 25 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. சஹாராவுக்குத் தெற்கே உள்ள சஹேல் பகுதியின் வெயிலில் அதைத் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் கேட்கவே வேண்டாம்!

ராஜஸ்தானின் திலோனியாவில் உள்ள பேர்ஃபுட் கல்லூரி, வெளிநாட்டினருக்குப் பயிற்சி தரும் வெளியுறவு அமைச்சகத்தின் ஐடெக் திட்ட உதவியுடன், எழுதப் படிக்கத் தெரியாத ஆப்பிரிக்கக் கிராமத்துப் பெண்களுக்கு ஆறு மாதப் பயிற்சி தந்திருக்கிறது. வண்ணக் குறியீட்டையும் சைகையையும் வைத்தே கன்ட்ரோலரின் மின்சுற்றுப் பலகையில் பாகங்களைப் பற்றவைக்கும் சால்டரிங்கைக் கற்றுக்கொண்டார்கள். கட்டடம் கட்டுவதைவிட இது மலிவு, பலனும் கூடுதல். ஆனால் ஊர் திரும்பியவர் கையில் ஃபியூசும், கன்ட்ரோலரில் மின்சார சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டும் இல்லாவிட்டால் கற்றது வீண்.

எனவே ஒவ்வொரு கடன் ஒப்பந்தத்திலும் ஐந்தாண்டு உதிரிபாகத்துக்கும் ஒரு முறை பேட்டரி மாற்றுவதற்கும் தனி ஒதுக்கீடு வேண்டும். அந்தப் பாகங்களை உள்ளூர்ச் சந்தையிலேயே வாங்க விலக்கும் தர வேண்டும்.

- வாசகர், கோவை