கேப்டன் லட்சுமியும் ஒரு கையெழுத்தும்

26-7-2012

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை காலைப் பிரார்த்தனையில் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றதைப் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். கூட்டம் கலைந்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் அறை வாசலுக்கு வந்து, "டீச்சர், இறந்துபோனவங்க டாக்டரா, மிலிட்டரியா?" என்று கேட்டாள். மைக்கில் நான் இரண்டையும் சொல்லியிருந்தேன், அவளுக்குக் குழப்பம். பெல் அடித்துவிட்டதால் "ரெண்டும்தான், அப்புறம் சொல்றேன்" என்று வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். அந்த அப்புறம்தான் இந்தக் கடிதம். உங்களிடம் கேட்க வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

கேப்டன் லட்சுமி சேகல் திங்கட்கிழமை, ஜூலை 23 அன்று, கான்பூரில் காலமானார். வயது 97. கான்பூர் என்றதும் வடநாட்டுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். 1914-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா சுவாமிநாதன் பெரிய வக்கீல். அம்மா அம்மு சுவாமிநாதன் பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரைக்காரர். பின்னாளில் நம் அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்த சில பெண்களில் ஒருவர். லட்சுமி ராணி மேரிக் கல்லூரியில் படித்து, 1938-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தார். அதன்பின் மகப்பேறு மருத்துவத்தில் டிப்ளமோ.

சின்ன வயதில் கேரளத்தில் பாட்டி வீட்டுக்குப் போனபோது நடந்ததாக அவரே சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. நிழல் பட்டாலே தீட்டு என்று பாட்டி ஒதுக்கிவைத்திருந்த மலைவாழ் மக்களின் பிள்ளை ஒருத்தியிடம் நேராகப் போய், கையைப் பிடித்து விளையாடக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். பாட்டிக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டுமா! பேத்தியும் விட்டுக்கொடுக்கவில்லை.

1940-ல் சிங்கப்பூர் போனார். அங்கே கிளினிக் வைத்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்; வந்தவர்களில் பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து பிழைக்கப் போன கூலித் தொழிலாளர்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அடுத்த வருடம் ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் வந்து இறங்கினார். பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிடும் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) பெண்களுக்கென்று ஒரு படைப்பிரிவு வேண்டும், அதற்கு ஜான்சி ராணியின் பெயர் வைக்க வேண்டும் என்றார். பெரிய மனிதர்கள் பலருக்கே அது வேடிக்கையாகத்தான் பட்டிருக்கும்.

போஸுக்கு மரியாதை அணிவகுப்புத் தர இருபது பெண்களைத் திரட்டியவர் லட்சுமி. கடன் வாங்கிய .303 துப்பாக்கிகள். அந்தத் துப்பாக்கி கிட்டத்தட்ட நாலு கிலோ எடை. அரிசிப் பையைத் தூக்குகிற மாதிரி தூக்கினால் போதாது. விறைப்பாக, ஒரே நேரத்தில், ஒரே உயரத்துக்கு ஏந்த வேண்டும். அதுவும் புடவையில்! சில நாள் பழக்கத்தில் அந்த இருபது பேரும் செய்து காட்டினார்கள். மறுநாள் போஸ் அவரைக் கூப்பிட்டு நெடுநேரம் பேச, படைப்பிரிவுக்குத் தலைமை தாங்க லட்சுமி ஒத்துக்கொண்டார். பிறகு அவர் பதவி உயர்ந்து லெப்டினன்ட் கர்னலும் ஆனார். ஆனால் கேப்டன் என்பதுதான் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

படையில் சேர்ந்தவர்கள் யார் என்பதைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். பெரும்பாலானவர்கள் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். விடியற்காலையில் பால்வெட்டப் போனவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், இந்தியாவைக் கண்ணாலேயே பார்த்திராதவர்கள். நம் ஊரில் எத்தனை வீடுகளுக்கு மலாயாவிலும் பர்மாவிலும் சொந்தம் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களில் யாராவது உங்கள் பாட்டியின் கூடப்பிறந்தவர்களாகக்கூட இருக்கலாம்.

அப்படிச் சேர்ந்த பெண்கள் மனுவில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். கல்யாணமானவர் என்றால் கணவர், இல்லையென்றால் அப்பா. லட்சுமி ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் மட்டுமல்ல, வீட்டுப் பெரியவர்களிடமும் பேச வேண்டியிருந்தது. கோலாலம்பூரில் ஜானகி தேவர் என்ற வசதியான வீட்டுப் பெண், போஸ் பேசிய கூட்டத்தில் காதில் கிடந்த தங்கத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர், இதே கையெழுத்துக்காக அப்பாவிடம் நின்றார். பிற்பாடு படைப்பிரிவின் இரண்டாம் நிலைத் தலைவரானார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் அறியப்பட்டார். 2000-ல் நம் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

பிள்ளைகளிடம் கதையை ஊதிப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்தப் பெண்கள் போர்முனையில் எதிரியை நேருக்கு நேர் சந்தித்துச் சண்டை போட்டதாகச் சொல்ல முடியாது. பர்மாவில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள், குண்டுவீச்சுக்கு நடுவே இருந்தார்கள். 1945-ல் படை தோற்றுப் பின்வாங்கியபோது பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் ரங்கூனிலிருந்து பாங்காக் பக்கம் போனார்கள். லட்சுமி பர்மாவிலேயே பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

அவரது ராணுவ வாழ்க்கை கூட்டிக் கழித்தால் மூன்று வருடம்கூட இல்லை. மிச்சமெல்லாம் வைத்தியம்தான். 1947-ல், ஐ.என்.ஏ. அதிகாரிகள் மீது பிரிட்டிஷார் டெல்லி செங்கோட்டையில் நடத்திய வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட மூவரில் ஒருவரான பிரேம் சேகலைத் திருமணம் செய்துகொண்டு கான்பூரில் குடியேறினார். பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கியவர், 1971-ல் வங்கதேச அகதிகளுக்காகக் கல்கத்தா போனார், 1984-ல் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு மருத்துவக் குழுவோடு போபால் போனார். அதே 1984-ல் இந்திரா காந்தி கொல்லப்பட்டு, சீக்கியர்களைத் தேடி அடித்துக்கொண்டிருந்த நாட்களில், எழுபது வயதில் தெருவில் இறங்கிக் கும்பலை எதிர்த்து நின்றார். அவருடைய கிளினிக் இருந்த நெரிசலான பகுதியில் ஒரு சீக்கியர் மேலும் கை படவில்லை. என்னைக் கேட்டால், அந்த இருபது துப்பாக்கிகளைவிட இதுதான் பெரிய விஷயம். 92 வயதிலும் காலையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2002-ல் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் குடியரசுத் தலைவர் ஆனார். அது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். எதிர்த்து நின்ற ஒரே வேட்பாளர் யார் என்று பத்தாம் வகுப்பில் கேட்டேன். பதில் இல்லை. இவர்தான், இடதுசாரிக் கட்சிகளின் வேட்பாளராக நின்றார். தோற்பது நிச்சயம் என்று தெரிந்தே 87 வயதில் நின்றார். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் சமூக அறிவியல் நடத்திய நானே "நேதாஜி படையில் பெண்களும் இருந்தார்கள்" என்ற ஒரே வரியில் இவரைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

தன் உடலைக் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்திருந்தார். அதன்படி அங்கே ஒப்படைத்திருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் நம் பள்ளியில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) தொடங்குகிறோம். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் ஐம்பது பேருக்குச் சம்மதப் படிவம் கொடுத்தனுப்பினேன். முப்பத்தொன்று கையெழுத்தோடு வந்தன. பதினொன்று வெறுமையாகத் திரும்பின. அதில் ஒன்றின் பின்பக்கம் "பொம்பளைப் பிள்ளை வெயிலில் கறுத்துவிடும்" என்று பென்சிலில் எழுதியிருந்தது. மீதி எட்டு எங்கே என்றே தெரியவில்லை, புத்தகப் பைகளில் தேடிப் பாருங்கள்.

பயிற்சி சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை. மைதானத்தில் வேப்பமர நிழல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, உடற்கல்வி ஆசிரியை கூடவே இருப்பார். சீருடைக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ ஐ.என்.ஏ.வில் இருந்தவர்கள் யாரேனும் இருந்தால், பழைய போட்டோ, பென்ஷன் காகிதம், கடிதம் எதுவானாலும் ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். அசலை அனுப்ப வேண்டாம், மழைக்காலம் வருகிறது, எங்கள் பீரோவும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பெரியவர் நடமாடுகிற நிலையில் இருந்தால் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்ற அழைத்து வாருங்கள். ஆட்டோ நாங்கள் அனுப்புகிறோம்.

படிவத்தை வருகிற செவ்வாய்க்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட மனமில்லையென்றால் வெறுமையாகத் திருப்பி அனுப்பாமல் ஒரு தடவை நேரில் வாருங்கள், அம்மாவோ அப்பாவோ பாட்டியோ யாரானாலும் சரி. மாலை நாலரை முதல் ஐந்தரை வரை என் அறையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்