வைக்கலும் அம்மாவின் முட்டும்

ஒட்டுசுட்டான்,
ஆவணி.

அன்பின் மச்சான்,

நாங்கள் நல்ல சுகம், அம்மாவைத் தவிர. அவவும் இப்ப எழும்பி நடக்கிறா, பயப்படாதை.

சிறுபோகம் வெட்டியாச்சு. மழையே இல்லாதபடியால் காடு சருகாய்க் கிடக்குது. றோட்டுக்கரையில் ஆரோ வைச்ச நெருப்பு சோளகத்தோடை உள்ளுக்கு ஏறி ரண்டு நாள் எரிஞ்சது. அது காணாதெண்டு நானும் வயலில் கிடந்த வைக்கலைக் கொளுத்திவிட்டன். பொழுதுபட்டுக் காத்து அடங்க, புகை மேலே எழும்பாமல் வளவுக்குள்ளேயே படுத்திட்டுது. விடியப் பார்த்தால் கிணத்துத் தண்ணியில் சாம்பல் ஆடை கட்டியிருக்கு. அம்மாவுக்கு இரவே மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம் தொடங்கியிட்டுது.

நாங்கள் ஆடின கூத்தைக் கேள். யன்னலெல்லாம் பூட்டினம், அது சரி. மனுசி ஈரச்சாரத்தை வாசலில் தொங்கவிட்டா. நுளம்புக்கெண்டு நான் சுருள் கொளுத்தினன். நாத்தம் போகட்டுமெண்டு அம்மா சாம்பிராணியும் போட்டா! வெளிப்புகைக்குக் கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு நாங்களே புகை போட்டிருக்கிறம். மகள் தாதியெல்லோ, போனில் கேட்டிட்டுக் கத்தின கத்து இன்னும் காதுக்குள் நிக்குது.

கண்ணுக்குத் தெரியிற புகையை விட, தெரியாத துணிக்கைதான் மோசமாம். பி.எம். 2.5 எண்டுறது அதைத்தான். தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குதான் வரும். மூக்கில் நிக்காமல் நுரையீரலின் அடிவரை போய் இரத்தத்திலும் கலக்குமாம். அதனால் இருதய வருத்தக்காரரும் கவனமாய் இருக்கவேணும். துணி அதை மறிக்காது, நனைச்சுக் கட்டினாலும்.

2023 இல் உங்கடை ரொறன்ரோவில் காட்டுப்புகை மூடின நேரம் வாங்கி மிஞ்சினதெண்டு நீ அனுப்பின என்95 மாஸ்க் றங்குப்பெட்டிக்குள் கிடந்தது. எடுத்துப் போட்டன். போட்டும் புகை மணந்தது, பழசாய்ப் போச்செண்டு எறியப் பார்த்தன். மகள்தான் சொன்னாள், மணம் வாயுவாம், அது உள்ளே வரும். துணிக்கையைத்தான் மாஸ்க் பிடிக்கும். மூக்குக் கம்பியை அமத்தி, ரண்டு பட்டியையும் தலைக்குப் பின்னால் இழுத்துப் போடவேணும், தாடி இருந்தால் ஓரத்தால் புகுந்திடும் எண்டாள். உன்ரை தாடியோடை அங்கை நீ என்ன செய்தனி?

அம்மாவுக்கு மாஸ்க் போடேல்லை. இன்ஹேலர் அடிச்சும் அடங்காமல், ரண்டு சொல்லுக்கு ஒருக்கால் மூச்செடுத்துக் கதைக்கத் தொடங்கினா. அதுக்குமேல் பார்த்துக்கொண்டு நிக்கப்படாதெண்டு ஆசுபத்திரிக்குக் கொண்டு போனம். நெபுலைசர் வைச்ச பிறகுதான் படுத்தா. இப்ப அவவின்ரை அறையில் சுருளுமில்லை, சாம்பிராணியுமில்லை, நுளம்பு வலைதான். புகை கூடினால் யன்னலைப் பூட்டுறம். காத்து மாறினதும் திறக்கிறம், இல்லாட்டில் இந்த வெக்கையில் மனுசர் அவிஞ்சு போவினம்.

2022 மார்கழியில் மாண்டஸ் புயலோடை வந்த புகைமூட்டத்தை நான் வெறும் பனியெண்டுதான் நினைச்சன். அயல்நாட்டிலிருந்து வந்த மாசெண்டு 9 ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் பூட்டினாங்கள். அந்தக் கிழமை குளிரில் மாடுகள் செத்துக்கொண்டிருந்தபடியால் காத்தைப் பற்றி ஆர் யோசிச்சது?

அடுத்த போகத்து வைக்கலை மாட்டுக்காரருக்குக் குடுக்கிறதெண்டு கதைச்சு வைச்சிருக்கிறன். ஏத்துக்கூலி அவையின்ரை. நீ பொதி அனுப்பினால் மாஸ்க்கும் ஒரு பெட்டி வை. அம்மா உன்னைக் கேட்டவ. சாம்பிராணி நிப்பாட்டினதுக்கு உன்னட்டைத்தான் முறைப்பாடு சொல்லப்போறாவாம்.

அன்புடன்,
உன்ரை மச்சான்