குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு என் அறிக்கை முடிவதற்குள் பாதிப் பேர் கட்டன் சாயாவுக்கு எழுந்துவிட்டீர்கள். ஆகவே வழக்கமானவற்றை முதலிலேயே முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஆனியில் மட்டும் மழை விடவில்லை. சுதந்திர தினக் கொடியேற்றம் நடந்தது. கிழக்குத் தெரு விளக்குகள் இரண்டு மனுவுக்குப் பிறகு எரிந்தன. ஒன்று மறுபடியும் அணைந்திருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வைப்பார். அவர் கணக்கில் நான் வாய் வைப்பதில்லை.

மற்றபடி சங்கத்தின் நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டது, தை மாதக் கடைசியில் மேற்கு விளையில் எரிந்த, ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரைதான்.

ரப்பர் ஷீட் உலர்த்துகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடியில் கனல், மேலே மூங்கில் கம்புகளில் வரிசையாக ஷீட். ஒரு ஷீட் வழுக்கிக் கனலில் விழுந்தால் போதும். அன்று அதிகாலை அப்படித்தான் ஆகியிருக்கிறது. ரப்பர் பால் வெட்டுக்குப் புறப்பட்ட ஒருவர் தலைவிளக்கோடு ஓடிவந்து கூவியதில் ஊர் விழித்தது. ரப்பர் எரிந்தால் எழும் கரும்புகையில் ஓட்டு முகடே தெரியவில்லை.

101க்குப் போன் போட்டவர் பதற்றத்தில் "சர்ச் பக்கத்தில்" என்று சொல்லிவிட்டார். நம் ஊரில் அப்படிச் சொன்னால் நான்கு இடம் வரும். சி.எஸ்.ஐ.யா, கத்தோலிக்க ஆலயமா, சால்வேஷன் ஆர்மியா என்று கேட்டுத் தெளிவதற்குள் இரண்டு நிமிடம் போயிற்று. நமக்கு அருகிலுள்ள நிலையத்தின் வண்டி அந்த நேரத்தில் வேறோர் ஊரில், கிணற்றில் விழுந்த பசுவை எடுக்கப் போயிருந்தது. அடுத்த நிலையத்திலிருந்து வண்டி வந்து சேர 40 நிமிடம் ஆனது. கிராமப்புறத்தில் 20 நிமிடத்துக்குள் வண்டி சேர வேண்டும் என்பது நாட்டில் வைத்திருக்கும் அளவுகோல். வந்தவர்களை இதற்காக யாரும் குறை சொல்ல வேண்டாம். வண்டி திரும்ப வேண்டிய சாலை வளைவில் செங்கல்லும் எம்-சாண்டும் கொட்டி வைத்திருந்தது அவர்கள் அல்ல, நாம்தான். கொட்டியவர் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார். அப்புறப்படுத்திவிட்டார், நன்றி.

வண்டியிலிருந்து டிரைவரையும் சேர்த்து மூன்று பேர்தான் இறங்கினார்கள். மூன்று பேர் என்றால் என்ன என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. தண்ணீர் அடிக்கும்வரை டிரைவர் பம்பை விட்டு நகர முடியாது. அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். ஹோஸின் முனையைப் பிடிக்க இருவர் வேண்டும். ஒருவர் பிடித்தால் அது ஆளையே தள்ளிவிடும். ஆக மூவரும் தீர்ந்தார்கள். லைன்மேனைத் தேடி மின்சாரத்தைத் துண்டிக்க ஆள் இல்லை. பக்கத்து ஓலைப்புரையை இடித்துத் தீயைத் தடுக்க ஆள் இல்லை. உள்ளே சிலிண்டர் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்கக்கூட ஆள் இல்லை. நம் பையன்கள்தான் செய்தார்கள்.

வண்டியில் இருந்தது 4,500 லிட்டர். கேட்கப் பெரிதாகத் தெரியும். முழு வேகத்தில் அடித்தால் ஐந்தாறு நிமிடத்துக்குமேல் வராது. பிறகு குளத்துக்கு ஓடினோம்.

இனிச் சொல்லப்போவதில் சங்கத்தின் பங்கும் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தக் குளத்தில் இரவோடு இரவாகக் கோழிக் கழிவைக் கொட்டுகிறார்கள் என்று நாம்தான் மனுமேல் மனு போட்டோம். கரையில் சுவர் கட்ட வேண்டும், கேட் போட வேண்டும், பூட்ட வேண்டும் என்று எழுதியது என் கைதான். பேரூராட்சி கட்டித் தந்தது. அன்று வண்டி அந்தக் கேட்டுக்கு முன்னால் நின்றது. சாவி, ஊரின் மறுகோடியில் குடியிருக்கும் ஊழியர் வீட்டில். கடைசியில் தீயணைப்பு வீரர் ஒருவர் கோடரியால் சங்கிலியை உடைத்தார். உறிஞ்சு குழாயைத் தோளில் தூக்கிச் சென்றவர்கள் நம் வாலிபர்கள் நான்கு பேர். தண்ணீரில் போட்டவுடன் அதன் முனையிலிருந்த கூடையை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வேரைக் கையால் பிய்த்துக்கொண்டே இருந்தார். கரையில் நின்ற பெரியவர் ஒருவர், குளத்தைத் தூர்வாரியதாகப் போன வருடம் கணக்கு வாசித்தார்களே என்று சத்தமாகக் கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

உயிர்ச்சேதம் இல்லை. புகைப்புரையும் உள்ளிருந்த ஷீட்டும் போயின. வீடு தப்பியது.

அடுத்த செயற்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து, "நாம் வீட்டு வரி கட்டவில்லையா? அதில் ஒரு பங்கு தீயணைப்புக்குப் போகாதா?" என்று கேட்டார். போகாது என்பதுதான் பதில். 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் வைத்தது. அதில் ஏழாவது, தீயணைப்பு. மும்பையில் அது மாநகராட்சியின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது மாநில அரசின் துறை. சம்பளமும் வண்டியும் உள்துறை மானியக் கோரிக்கையில் வருகின்றன. நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆனபோதும் தீயணைப்பு நிலையம் மாநகராட்சிக்குப் போய்விடவில்லை. ஆகவே பேரூராட்சித் தலைவரிடம் வண்டி கேட்டால், அது தம் கையில் இல்லை என்பார். அது உண்மை. தண்ணீர் எடுக்கும் வழி, சாலை அகலம், குளம், மேல்நிலைத் தொட்டி ஆகியவை அவர் கையில்தான் என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் அந்தப் புகைப்புரை எரிந்தது.

லண்டனில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் மகன், அங்கே நடந்ததைப் பற்றி வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். 2014 ஜனவரி 9ஆம் தேதி, செலவைக் குறைப்பதற்காக அந்த நகரத்தில் 10 தீயணைப்பு நிலையங்களை ஒரே நாளில் மூடினார்கள். 14 வண்டிகள் குறைந்தன. போரிஸ் ஜான்சன் அப்போது மேயர். மக்கள் எதிர்த்தார்கள், உள்ளாட்சி மன்றங்கள் வழக்குப் போட்டன, தோற்றன. படித்துவிட்டு நம் உபதலைவர், "நல்லவேளை, இங்கே அப்படி மூடுவதில்லை" என்றார். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இல்லை. அங்கே வெட்டு விழுந்தால் தேதி இருக்கிறது. எதிர்த்து நிற்க ஒரு வாசல் இருக்கிறது. இங்கே கதவு திறந்தே இருக்கும், பெயர்ப்பலகை பளிச்சென்று இருக்கும், ஓய்வு பெற்றவரின் இடம் மட்டும் நிரம்பாது. வராத ஆளுக்காக யார் ஊர்வலம் போவது?

ஒன்றிய அரசு 2023இல் மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை விரிவாக்க 5,000 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தது. நம்மைப் போன்ற மாநிலங்கள் தம் பங்காக 25 விழுக்காடு போட வேண்டும். பத்திரிகையில் வந்ததும் பலர் எனக்கு அனுப்பினீர்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவை புதிய நிலையங்கள், பயிற்சி மையங்கள், நவீனக் கருவிகள். வண்டிக்குள் உட்காரும் ஆளுக்கு மாதச் சம்பளம் மாநில அரசின் கையிலிருந்துதான் வர வேண்டும்.

நமக்குப் பொறுப்பான நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம். விண்ணப்பம் 6(3) பிரிவின்படி இன்னோர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டதாகக் கடிதம் வந்தது. கடிதம் கோப்பில் இருக்கிறது. அதைத் தவிர கோப்பில் ஒன்றும் இல்லை.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு இரண்டு முறை போனோம். பேரூராட்சியிடம் மூன்று விஷயங்கள் கேட்டோம். குளத்துக்கு வண்டி இறங்கும் சரிவுப் பாதை, ஆகாயத்தாமரையை அகற்றுதல், மேல்நிலைத் தொட்டியின் அடியில், வண்டியின் ஹோஸ் நேராகப் பொருந்தும்படி ஒரு குழாய் வாய். பம்பு எவ்வளவு பெரியதானாலும் சுமார் ஏழு மீட்டருக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்ச முடியாது. பங்குனி, சித்திரையில் குளம் வற்றினால் தொட்டிதான் வழி. அந்தக் குழாய் வாய்க்கு ஆகும் செலவு, போன வருடம் பஸ் நிறுத்தத்தில் வைத்த அலங்கார வளைவின் செலவில் ஒரு மூலைக்குக் காணாது. பதில்: "நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்." சரிவுப் பாதைக்கும் அதே பதில், அதே எழுத்தர் கையெழுத்து. ஆகாயத்தாமரையை மட்டும் அகற்றுவது யார் வேலை என்று இன்னும் முடிவு செய்து கொண்டிருக்கிறார்கள்.

காத்திருக்கப் பொறுக்காமல் சரிவுப் பாதையை நாமே போட்டோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. கல் தந்தவர், டிராக்டர் தந்தவர், மதியம் கப்பையும் மீன்குழம்பும் தந்த தெற்குத் தெருப் பெண்கள் என எல்லோருக்கும் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு முழு மனமில்லை. வரியும் கட்டி, மண்ணும் சுமந்தால், அடுத்த முறையும் நாமே செய்துவிடுவோம் என்று எதிர்பார்ப்பார்கள். ஒக்கிப் புயலின்போதும் அதுதான் நடந்தது. 2017 நவம்பர் 30 காலையில் நம் சாலையில் விழுந்து கிடந்த ரப்பர் மரங்களை வெட்டி வழி விட்டவை நம் வீட்டு வெட்டுகத்திகள்தான்.

தீத்தொண்டு வாரத்தில் நிலைய வீரர்கள் வந்து பள்ளி மைதானத்தில் செய்து காட்டினார்கள். அந்த வாரம் ஏன் ஏப்ரல் 14இல் தொடங்குகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்ததை அலுவலர் சொன்னார். பிறகு எரியும் சிலிண்டரை ஈரச் சாக்கால் அணைக்கும் பயிற்சி. இளைஞர்கள் தூரத்திலிருந்தே சாக்கை எறிந்து பார்த்தார்கள். எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்கை இரு கையிலும் தன்னை மறைத்துப் பிடித்தபடி நேராக நடந்துபோய் மூடிவிட்டு வந்தார். அடுப்பில் பழகிய கை.

இனி உடனடி விஷயம். உடைந்த சங்கிலிக்குப் பதிலாகப் புதியது போட்டாயிற்று. குளத்து கேட்டுக்கு மூன்று சாவிகள் உள்ளன. ஒன்று தீயணைப்பு நிலையத்தில், ஒன்று ஜங்ஷன் டீக்கடையில் கல்லாவுக்கு மேலுள்ள ஆணியில், ஒன்று என் வீட்டு வாசல் நிலையில். 101க்கு அழைக்கும்போது சர்ச்சின் பெயரோடு வார்டு எண்ணையும் சொல்லுங்கள். டீக்கடைச் சாவியைப் போன வாரம் யாரோ மீன் பிடிக்க எடுத்துப் போயிருக்கிறார்கள்; கூட்டம் முடிவதற்குள் கொண்டுவந்து மாட்டிவிட்டால் பெயரைக் கேட்க மாட்டேன்.