மூன்று மூட்டை உமி

மக்களே,

இந்தக் கடிதத்தோடு மூன்று மூட்டை உமி வருகிறது. பூதப்பாண்டி மில்லில் எடுத்தது, நன்றாகக் காய்ந்தது. ஆட்டோக்காரருக்குக் கூலி கொடுத்தாயிற்று, அங்கே வந்து கேட்டால் கொடுக்காதே. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ இப்போதெல்லாம் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரிப் பேசுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் மரச்சீனி கொண்டு வந்தபோது வாசல் கேட்டுப் பக்கத்திலேயே கோழிக்கூட்டு நெடி மூக்கில் ஏறிற்று. உன் கூடு அப்படி நாறும் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே ஆச்சியின் கோழிகளை நீ பார்த்துக்கொண்ட சீருக்குத் தெருவே நம் வீட்டு முட்டைக்கு வந்து நின்றது. முட்டைக் காசை நீலப் பெட்டியில் சேர்த்து நீ என்ன வாங்கினாய் என்பதை அம்மா இன்றைக்கும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள்.

கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டேன். கூட்டை வாரிவிட்டு வந்தேன்பா, நெடி என்றாய். எச்சத்தில் வெள்ளையாக இருக்கிறதே, அது ஈரத்தில் கிடந்து நொதித்தால் அமோனியாவாகும், கண்ணை எரிக்கும். அது உண்மைதான். கோழிக்கே கண் வீங்கிப்போகும். நான் அப்புறம் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தரையில் பரப்பிய கூளம் பல நாளாகக் கிளறாமல் பாளமாக இறுகிக் கிடந்தது. மம்பட்டியில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

சரி, கூட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

ஈரம்தான் முதல் பகை. ஒரு கோழி நாளைக்குச் சுமார் 100 கிராம் எச்சம் போடும், அதில் முக்கால்வாசி தண்ணீர். உன்னிடம் 25 கோழி. அப்படியானால் தினமும் இரண்டரைக் கிலோ. இதில் பாதி, ராத்திரி அடைகிற கம்புக்கு நேர் கீழேதான் விழும். அங்கே ஒரு பழைய தகரத்தைப் போட்டு, காலையில் சுரண்டி எடுத்துவிட்டால் பாதி வேலை தீர்ந்தது. தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல் மேல் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வை. தரையில் வைத்தால் தட்டிக் கவிழ்க்கும். நான் பார்த்தபோதும் கவிழ்ந்துதான் கிடந்தது.

இறுகிப்போன பாளத்தை முழுக்க வெட்டி எடு. மிச்சமிருக்கும் காய்ந்த கூளம் இருக்கட்டும். அதன்மேல் உமியை 2 அங்குலம் பரப்பு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போனால் அரை அடி வரை ஏறலாம், தப்பில்லை. ஐப்பசி பிறக்கப்போகிறது. மழை நாளில் தினமும் கிளற வேண்டும், வெயில் காலத்தில் வாரம் இரண்டு தரம் போதும். கையில் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் உதிர வேண்டும். தூசி பறந்தால் அதுவும் ஆகாது. பேரனுக்கு இழுப்பு இருக்கிறது, கிளறும்போது அவனைப் பக்கத்தில் விடாதே. நீயும் மூக்கில் துணி கட்டிக்கொள்.

மர மில்லுத் தூளைக் கலக்கலாம், உமியைவிட நன்றாக ஈரம் இழுக்கும். பிளைவுட் அறுக்கிற இடத்துத் தூள் மட்டும் வேண்டாம், பசையும் மருந்தும் இருக்கும். ரப்பர் சருகை வாரிப் போடாதே. நனைந்தால் அப்பளம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அடியில் ஈரம் அப்படியே நிற்கும். நாறுகிற ஈரக் கூளத்தின் மேலேயே சுண்ணாம்பு தூவிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே, நெடி இன்னும் கிளம்பும். ஈரத்தை முதலில் எடு.

மாமியார் நாற்றம் என்று சொன்னதால் சுற்றிலும் பிளெக்ஸ் கட்டி அடைத்திருக்கிறாய். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை, நாறத்தான் செய்தது. ஆனால் மூடி மறைத்தால் நாற்றம் உள்ளேயே பெருகும். கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்து வை, வலை மட்டும் போதும். மரநாய் வராது. சாரல் அடிக்கிற பக்கம் மட்டும் ஓலை சாத்து.

கூடு கட்டும்போது ஞாயிறுதோறும் மாப்பிள்ளையும் கூட நின்றார் என்று அன்றைக்குச் சொன்னாய். நான் வந்ததும் ஞாயிற்றுக்கிழமைதான். வேலை அதிகம் என்றாய். இருக்கும். கூளம் கிளறுவது ஒரு ஆள் வேலை இல்லை என்று மட்டும் அவரிடம் நான் சொன்னதாகச் சொல். வேண்டாம், சொல்லாதே. உன் பெரியத்தையும் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றே கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது.

அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான். தம்பிக்கு மாற்றல் வந்திருக்கிறது, விவரம் அவனே சொல்வான்.

விட்டுப்போனது ஒன்று. வாரிய எருவைப் பச்சையாக மட்டி வாழை மூட்டில் கொட்டாதே, வேர் வெந்துவிடும். சருகோடு கலந்து குவித்து, மழை படாமல் ஓலை போட்டு மூடி, இடையிடையே புரட்டிவிடு. இரண்டு மூன்று மாதத்தில் நாற்றம் போய் மண் மாதிரி ஆகிவிடும். அப்புறம் போடு. குஞ்சுகளைப் பெரிய கோழியோடு ஈரத் தரையில் விடாதே, ரத்தக் கழிச்சல் வந்தால் இரண்டு நாளில் பாதி போய்விடும். ஈரத்தை அன்றன்றைக்கு எடு. ஏற்கெனவே எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

6 அடிக்கு 5 அடிக் கூட்டில் 25 கோழி அதிகம். ஒன்றுக்கு 2 சதுர அடி என்று வைத்தாலும் 15தான் கொள்ளும். பத்தை இங்கே கொண்டுவந்து விடு, சாய்ப்பில் இடம் இருக்கிறது. மேல் அறையையும் அம்மா கழுவித் துடைத்து வைத்திருக்கிறாள். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

காலிச் சாக்குகளை மில்லில் திருப்பிக் கொடுக்க வேண்டும், எண்ணித்தான் தந்தார்கள். ஆட்டோவில் போட்டுவிடாமல் நீயே கொண்டு வா, பேரனையும் கூட்டிக்கொண்டு. மார்த்தாண்டத்தில் பஸ் ஏறியதும் ஒரு மிஸ்டு கால் கொடு, வடசேரி ஸ்டாண்டில் வந்து நிற்பேன். ராத்திரி ஆனாலும் சரி.

அப்பா