காலை நேரத்து நடுக்கம்: இரு துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை ஆகியவற்றின் மதிப்பிற்குரிய செயலாளர்களுக்கு வணக்கம்.

"காலையில ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்கும்" என்ற பேச்சைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் இருக்க முடியாது. அப்படிச் சொல்பவர் அந்நேரத்தில் போதையை நாடிக் குடிப்பதில்லை. விடிந்ததும் உடலைப் பிடித்தாட்டும் நடுக்கமும் வியர்வையும் இன்னதென்று தெரியாத பயமும் அடங்க வேண்டுமென்றே குடிக்கிறார். மதுவைக் குறைக்க அரசு எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் இந்த மனிதருக்கும் இடம் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

தொடக்கத்தில் குடியை இழுத்து வருவது மூளையில் நாட்டத்தைத் தூண்டும் நரம்புச் சுற்று. 1954-இல் ஓல்ட்ஸ், மில்னர் என்ற ஆய்வாளர்கள் எலிகளின் மூளையில் மின்முனை பொருத்தியபோது, அந்த மின்தூண்டலுக்காக எலிகள் நெம்புகோலை ஓயாமல் அழுத்துவதைக் கண்டார்கள். நடுமூளையிலிருந்து நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்னும் மூளைப் பகுதிக்குச் செல்லும், டோபமைன் என்ற வேதிப்பொருளால் இயங்கும் பாதை, இன்பத்தைவிட நாட்டத்தையே அதிகம் இயக்குகிறது என்பது பின்னர் தெளிவானது. கடைப் பலகை கண்ணில் பட்டதுமே கால் அந்தப் பக்கம் திரும்புவதில் இந்தப் பாதைக்குப் பங்கு உண்டு.

ஆண்டுக்கணக்கில் குடித்தவரிடம் வேறொரு நரம்புச் சுற்று முன்னுக்கு வந்துவிடுகிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளுக்கு மது துணைநின்று, கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டை அடக்குவதால், மூளையும் அதற்கு ஈடாக முன்னதைத் தளர்த்திப் பின்னதைக் கூட்டிக்கொள்கிறது; திடீரென மது நின்றால் கிளர்ச்சி மட்டும் எஞ்சி, முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதையடுத்து உயிரைப் பறிக்கவல்ல மனக்குழப்பமும் வரக்கூடும். பயத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலாவை ஒட்டிய பகுதிகளில் சி.ஆர்.எஃப் என்னும் மன அழுத்த வேதிப்பொருள் பெருகிப் பதற்றத்தை ஏற்றுகிறது. நடுக்கம் நின்ற பிறகும் இந்தப் பதற்றமும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்து, அவரை மறுபடி கடைக்கே துரத்துகின்றன. இவரைப் பார்த்து 'மன உறுதி இல்லாதவன்' என்று ஏசுவது, காய்ச்சல்காரரை ஏன் சுடுகிறாய் என்று கேட்பது போன்றது.

2023 ஜூனில் 500 டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டதை நான் வரவேற்கிறேன். இனி ஒரு கடையை மூடும்போது, அப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து, நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயசிபாம், வைட்டமின் பி1 ஆன தயமின் ஊசி ஆகியவற்றின் இருப்பையும், வலிப்பு கண்டவரை மேல்மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாட்டையும் உறுதிசெய்யுங்கள். நாட்டத்தைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரைக்கு 1994-லேயே அமெரிக்கா இசைவளித்துவிட்டது. கல்லீரல் பரிசோதனையோடு அது வட்ட அளவிலான மருத்துவமனைகளிலும் கிடைக்கட்டும். பதற்ற நோய்க்கான சிகிச்சையும் அதே இடத்தில் வேண்டும், ஏனெனில் குடிக்கு முன்பே பதற்றம் இருந்தவர்களும் பலர்.

'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று சுவரொட்டி ஒட்டி விற்கப்படும் பொடிகளையும் சோதித்துப் பாருங்கள். அவற்றில், மதுவோடு சேர்ந்தால் உடலைத் தாக்கும் டைசல்பிரம் என்ற மருந்து கலந்திருந்தால், சோற்றோடு அதை அறியாமல் உண்டு அதன்மேல் குடிப்பவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அதைக் கலந்து கொடுத்தவர் பெரும்பாலும் அவருடைய மனைவியாகவோ தாயாகவோ இருப்பார்.

இப்படிக்கு,
குடிநோயாளிகளின் குடும்பங்களோடு பணியாற்றும் ஒருவர்