என் பழைய கம்ப்யூட்டரை ஓட வைத்தவர்களுக்கு

அன்புள்ள கோயம்புத்தூர் மச்சானுக்கும், எதிர்வீட்டுப் பாப்பாவுக்கும், அச்சக அண்ணாச்சிக்கும் வணக்கம்.

நேரில் சொன்னால் "இதுக்கெல்லாம் எதுக்கு நன்றி" என்று மூன்று பேரும் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதிவிடுகிறேன். பழைய கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு டிடிபி வேலை பார்க்கிறவர்கள் வேறு யாராவது இதே குழியில் விழுந்து கிடந்தால் அவர்களுக்கும் ஆகும்.

என்னுடையது 2009இல் வந்த இன்டெல் கோர் ஐ5-750 பிராசசர். நாலு கோர், அதாவது ஒரே சில்லுக்குள் வேலை பார்க்கிற நாலு பேர், 2.66 கிகாஹெர்ட்ஸ். இணையம் கொடுக்காத விண்டோஸ் 7, அதில் பக்கம் வடிவமைக்க 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7. பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல்கள் மலைபோலக் கிடப்பதால் மாற மனசு வரவில்லை. தொண்ணூறு, நூறு பக்கத்தில் ஒரு கோயில் மலரைப் பிடிஎஃப் ஆக்க ஆறு நிமிடம் ஆகும். இந்தச் சித்திரையில் அது ஒன்பதானது.

என்ன கோளாறு என்று, பிராசசரின் வேகத்தைக் காட்டுகிற சிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் 1197 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டியது. 2660 ஓட வேண்டியது பாதிகூட ஓடவில்லையே என்று பதறிப்போனேன். ஒரு கடையில் காட்டினேன். மதர்போர்டு போய்விட்டது, புது செட் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கையில் காசு இல்லாததால் தப்பித்தேன்.

அப்புறம் நானே வைத்தியனானேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற வசதிகள்தான் வேகத்தைத் தின்கின்றன என்று முடிவுகட்டி, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற பயாஸுக்குள் போய் ஸ்பீட்ஸ்டெப், சி1இ, சி-ஸ்டேட் என்று அந்த வசதிகள் எல்லாவற்றையும் அணைத்தேன். ஸ்பீட்ஸ்டெப்பை அணைத்த மறுநொடி, வேகத்தை ஏற்றிக்கொடுக்கிற டர்போ என்ற வரியே அந்தப் பக்கத்திலிருந்து காணாமல் போயிருக்கிறது. என் கண்ணில் படவில்லை. சும்மா இருக்கும்போதும் 2660 அசையாமல் நின்றது, எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் மலருக்கு அதே ஒன்பது நிமிடம். ஃபேன் மிக்ஸி மாதிரி இரைந்தது. கரண்ட் போனால் யூபிஎஸ் முன்னைவிடச் சீக்கிரம் கத்த ஆரம்பித்தது.

பாப்பா, முதல் நன்றி உனக்குத்தான். சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தவள், "அங்கிள், சூடு எவ்வளவுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டாய். அதுவரை அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. மலரை ஓடவிட்டுப் பார்த்தால் 90 டிகிரிக்கு மேல். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தாய். பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கிற ஃபேனுக்கு நாலு மூலையிலும் கறுப்பு பிளாஸ்டிக் முளை. அதில் ஒன்று பிடி விட்டு அரை விரலளவு தூக்கிக்கொண்டு நின்றது. கழற்றினால் உள்ளே சூட்டைக் கடத்துகிற பேஸ்ட், வெற்றிலைப் பெட்டியில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி பொருக்குத் தட்டிக் கிடந்தது. சுரண்டித் துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, முளைகளைக் குறுக்கும் மறுக்குமாக அழுத்தினாய். நாலாவது "டக்" என்றபோது உன் முகத்தில் ஒரு சிரிப்பு. சூடு தாங்காமல்தான் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சூடு எழுபதுக்குக் கீழே இறங்கி, நேரம் ஆறு நிமிடத்துக்குத் திரும்பியது.

நான் அதோடு விட்டிருப்பேன். மச்சான்தான் விடவில்லை. "1197ஐப் பாத்தா பயந்தீங்க மாப்ள? அது தூங்குற எண்ணு" என்று போனிலேயே கணக்குப் போட்டார். அடிப்படைத் துடிப்பு 133, அதை 9ஆல் பெருக்கினால் 1197. வேலை வந்தால் பெருக்கு எண் 20 ஆகும், 2660. சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால் டர்போ இன்னும் ஏற்றும். மூன்று நாலு கோர் விழித்திருந்தால் 21தான், 2793. ஒன்றோ இரண்டோ மட்டும் ஓடி, மற்றவை ஆழ்ந்து தூங்கினால் 24 வரை போகும், 3192.

அந்தத் தூக்கம்தான் நான் அணைத்த சி-ஸ்டேட். சி6 நிலையில் ஒரு கோர் தன் கணக்கையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுத் தனக்கு வரும் மின்சாரத்தையே துண்டித்துக்கொள்கிறது. அது விட்ட பங்கைத்தான் சில்லுக்குள் இருக்கிற கணக்குப்பிள்ளை ஓடுகிறவனுக்குக் கொடுக்கிறார். "மூணு பேரைத் தூங்கவிடாம லைட்டப் போட்டு உக்கார வெச்சுட்டு, நாலாமத்தவன் ஏன் ஓடலைங்கிறீங்களே" என்றார் மச்சான். பேஜ்மேக்கரோ எத்தனை கோர் இருந்தாலும் ஒன்றை வைத்தே பிழைப்பு நடத்துகிற ஜாதி.

ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னார், பாப்பா நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். ஸ்பீட்ஸ்டெப்பையும் டர்போவையும் போட்டோம். ஓடவிட்டால் 2660ஐத் தாண்டவில்லை. அரை மணி நேரம் மண்டை காய்ந்த பிறகு விண்டோஸின் பவர் ஆப்ஷனில் கிடைத்தது: பிராசசரின் அதிகபட்ச நிலை 99 சதவீதம். இரண்டு கோடைக்கு முன் ஃபேன் சத்தம் தாங்காமல் நானே வைத்தது! ஒரு சதவீதம்தானே என்று நினைத்திருந்தேன். அந்த ஒன்று டர்போவையே பூட்டிவிடுமாம். 100 ஆக்கியதும் 2793. சி1இ, சி-ஸ்டேட்டைத் திரும்பப் போட்டதும் எண் குதித்துக் குதித்து 3192ஐத் தொட்டது. மலர் ஐந்து நிமிடம்! வேலை முடிந்ததும் சமர்த்தாக 1197க்கு இறங்கிக்கொண்டது. ஃபேன் ஓடுகிறதா என்று காது வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

அண்ணாச்சி, இத்தனை கூத்துக்கும் நடுவில் நீங்கள் ஒரு நாள்கூடக் கடிந்து பேசவில்லை. திருவிழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது மலரைத் தள்ளிவைத்து, ராத்திரி உங்கள் கடைக் கம்ப்யூட்டரிலேயே ப்ரூஃப் பார்க்க விட்டீர்கள். பையனிடம் டீ வேறு கொடுத்தனுப்பினீர்கள். அந்த ரெண்டு ராத்திரிக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறீர்கள். அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளப் போகிறேன், சண்டைக்கு வராதீர்கள்.

மச்சான், நீங்கள் சொன்ன பயாஸ் வரிகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். பாப்பா, உன் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இங்கேதான் இருக்கிறது. மேஜையின் மேல் டிராயர், வலது பக்கம். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள். அத்தை அதிரசம் சுட்டு வைத்திருக்கிறாள்.