ஃபைபர் நீச்சல்குளம்: குழியை மூடும் முன் ஒரு குழாய் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத் தோட்ட வீடுகளில் ஃபைபர் நீச்சல்குளத் தொட்டியை ஆயத்தமாக வாங்கி, ஜே.சி.பி.யும் கொத்தனாரும் வைத்துத் தாங்களே பதித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். முறை தெரிந்தால் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் தொட்டியை விற்பவர்கள் குழியின் நீள, அகல, ஆழத்தைச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் போதாது. தொட்டிக்கு வெளியே தேங்கும் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இதை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

20 அடி நீளம், 10 அடி அகலம், நாலரை அடி ஆழமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். வெறும் தொட்டியின் எடை ஒரு டன்னுக்குள்தான் இருக்கும். மழையில் நிலத்தடி நீர் ஏறி, தொட்டியின் அடிமட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால் போதும், 200 கன அடித் தண்ணீரின் எடை, அதாவது ஐந்தரை டன்னுக்கு மேல், அதைக் கீழிருந்து தூக்கும். உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும்வரை பயமில்லை. காலியாக இருந்தால் அது ஒரு படகு. சுற்றிலும் போட்ட கான்கிரீட்டையும் பெயர்த்துக்கொண்டு எழும்பிவிடும். எழும்பியதும் அடியில் மண் சரிந்து நிரம்பும், பைப் இணைப்புகள் அறுபடும். மறுபடி அதே மட்டத்தில் உட்கார வைக்கத் தொட்டியை வெளியே தூக்கியாக வேண்டும். மழை நாளில் பச்சை பிடித்த தண்ணீரை இறைத்துவிட்டுக் கழுவலாம் என்று நினைக்கிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து.

இதைத் தடுக்க ஆகும் செலவு மிகக் குறைவு. குழியின் ஆழமான பக்கத்து மூலையில், தொட்டி உட்காரும் இடத்துக்கு வெளியே, மற்ற இடத்தைவிட ஓர் அடி கூடுதலாகத் தோண்டி, 6 அங்குல பி.வி.சி. குழாயை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். அதன் கீழ் இரண்டு அடிக்கு, ஜல்லி உள்ளே விழாத அளவில், சுற்றிலும் துளை போட வேண்டும். மேல்முனை நடைதளத்தின் மட்டத்தில் மூடியோடு இருக்கட்டும். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் வெளியே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்துவிடும். தேவைப்பட்டால் சிறிய நீர்மூழ்கி மோட்டாரை அதற்குள் இறக்கி இறைக்கலாம். இதைத் தொட்டி இறங்கும் நாளிலேயே வைத்துவிட வேண்டும். பிறகு வைப்பதென்றால் தளத்தை உடைக்க வேண்டும்.

அந்தக் குழாய் வேலை செய்ய, தொட்டியைச் சுற்றித் தண்ணீர் தடையில்லாமல் ஓடிவரும் பொருள் இருக்க வேண்டும். தோண்டிய மண்ணையே திருப்பித் தள்ளுவது இந்த வேலையில் மிகப் பெரிய தவறு. களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரிசல் மண் ஈரத்தில் உப்பிச் சுவரை உள்ளே தள்ளும். வெறும் மணல் மழைநீரோடு அரித்து இறங்கி இடைவெளி விடும். தூசி இல்லாத 6 முதல் 12 மி.மீ. ஜல்லிதான் ஏற்றது. நான்கு பக்கமும் ஓர் அடி இடம் விட்டு, அடியில் அரை அடிப் படுகை போட்டால் குழியின் அளவு 22 அடிக்கு 12 அடி, ஆழம் 5 அடி. தொட்டியின் கொள்ளளவைக் கழித்தால் 420 கன அடி ஜல்லி வேண்டும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி; நாலரை யூனிட் சொல்லிவிடலாம். பக்கவாட்டு மண் ஜல்லியோடு கலக்காமலிருக்க, குழிச் சுவரில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிப்பது நல்லது.

தொட்டியைத் தூக்க ஹைட்ரா கிரேனும் அகலமான பெல்ட்டும் வேண்டும். இரும்புக் கயிறு விளிம்பைக் கடித்துவிடும். இறக்கியதும் நான்கு மூலையிலும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடியுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கிரேனை அனுப்பாமல் தூக்கிப் படுகையைச் சரிசெய்யுங்கள். தண்ணீர் நிரம்பியபின் அந்தக் கோணல் காலம் முழுவதும் கண்ணில் படும்.

அடுத்து வருவது பொறுமை வேண்டிய வேலை. இந்தத் தொட்டிக்கு ஏறக்குறைய 25,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் இரண்டு. இரண்டையும் ஒரே மூச்சில் கொட்டினால் வெளியே தாங்கலில்லாத சுவர் பிதுங்கி, பிதுங்கியபடியே நின்றுவிடும். ஜல்லியை முதலில் நிரப்பினாலோ சுவர் உள்ளே குழியும். உள்ளே ஓர் அடித் தண்ணீர், வெளியே நான்கு பக்கமும் ஓர் அடி ஜல்லி என்று மாறி மாறி ஏற வேண்டும். ஜே.சி.பி. ஒரே பக்கத்தில் கொட்டினால் தொட்டி நகரும்; மண்வெட்டியால் தள்ளுவதே சரி. படிக்கட்டு, உட்காரும் திட்டு ஆகியவற்றின் அடியில் கையால் ஜல்லியைத் திணித்து இடிக்க வேண்டும். அங்கே பொந்து இருந்தால் ஆள் ஏறி இறங்கும்போது ஃபைபர் நெளிந்து, நாளடைவில் முடியளவு விரிசல் விழும்.

குளத்துக்கும் மோட்டாருக்கும் இடையே தண்ணீர் ஓடும் 63 மி.மீ. பைப்புகளைப் புதைக்கும் முன் 2 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் மானி இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. தரையில் ஒரே ஓர் உறிஞ்சு வாய் வைக்கவே கூடாது. குழந்தையின் முடியோ உடலோ அதில் ஒட்டிக்கொண்டால் மோட்டாரை நிறுத்தாமல் பிரிக்க முடியாது. குறைந்தது 3 அடி இடைவெளியில் இரண்டு வையுங்கள், அல்லது தரையில் வைக்காமல், சுவரில் நீர்மட்டத்தில் இருந்து மேல் தண்ணீரை இழுக்கும் ஸ்கிம்மரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கு 12 வோல்ட். மோட்டார் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். விளிம்பைப் பிடித்தபடி சுற்றிலும் கம்பி கட்டிய ஓர் அடி அகலக் கான்கிரீட் பட்டை ஜல்லி படிந்த பிறகே வர வேண்டும். தானாக மூடிக்கொள்ளும் கதவோடு 4 அடி வேலி போடும்வரை குளத்தில் தண்ணீர் இருப்பதை மறந்துவிடாதீர்கள்; நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு ஒரு நிமிடம் போதும்.

தண்ணீர் பச்சையானால் இறைக்க வேண்டியதில்லை. பி.எச். அளவை 7.2க்கும் 7.6க்கும் இடையே கொண்டுவந்து, மாலையில் திரவக் குளோரினைக் கூட்டிப் போட்டு, ஃபில்டரை இடைவிடாமல் ஓட்டினால் தெளியும். குளோரின் அளவு இறங்கும்வரை யாரும் இறங்க வேண்டாம். பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டினால் அடியில் படிந்து மேற்பூச்சின் நிறத்தை வெளுத்துவிடும். காலி செய்தே ஆக வேண்டிய பழுது என்றால் கோடைவரை பொறுத்திருந்து, அந்த 6 அங்குலக் குழாயில் தண்ணீர் இல்லை என்று பார்த்த பிறகு செய்யுங்கள்.

தொட்டி விற்பவர்கள் ஒவ்வொரு தொட்டியோடும் குழியின் குறுக்குவெட்டுப் படம், ஜல்லியின் அளவு, அந்த 6 அங்குலக் குழாயின் இடம் ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளில் தர வேண்டும். உள்ளடுக்கில் வினைல் எஸ்டர் ரெசின் போட்டிருக்கிறதா என்பதையும் அதிலேயே எழுதித் தரட்டும். அது இல்லாத மலிவுத் தொட்டிகளில் நீர் ஊடுருவிக் கொப்புளம் எழும் வாய்ப்பு அதிகம். வாங்குபவர்கள் முன்பணம் கொடுக்கும்போதே இந்தத் தாளைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
நீச்சல்குளப் பணியிலுள்ள வாசகர்,
கோவளம்.